கண்ணுக்கா, கேமராவுக்கா? முதல் தொலைநோக்கி வாங்குவோருக்கான ஒரு பரிசீலனை

"முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு தொலைநோக்கி சொல்லுங்கள். சனியின் வளையம் தெரிய வேண்டும், ஆண்ட்ரோமெடாவைப் படமும் எடுக்க வேண்டும்." வானியல் ஆர்வலர்கள் கூடும் இடத்துக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார். ஒரே கேள்வி கேட்பதாக அவருக்கு நினைப்பு. உள்ளே இருப்பவை இரண்டு கேள்விகள். அவற்றின் விடைகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கண்ணால் பார்ப்பவர் பணத்தை ஆடியின் விட்டத்தில் போட வேண்டும். நெடுநேரம் ஒளியூட்டிப் படம் எடுப்பவர் குழாயைத் தாங்கி நிற்கும் மவுண்டில் போட வேண்டும். கையில் பல லட்சம் இருந்தால் இரண்டையும் வாங்கிவிடலாம், பேச்சே இல்லை. சிறிய தொகையை வைத்துக்கொண்டு கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இரண்டையும் ஒரே பெட்டியில் தேடினால், அந்தப் பெட்டி சில மாதங்களில் பரணுக்குப் போகும்.

முதலில் கண். இருட்டுக்குப் பழகிய இளவயதுக் கண்ணின் பாவை சுமார் 7 மி.மீ. வரை விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைப் போல் 100 மடங்கு ஒளியைத் திரட்டும், 150 மி.மீ. ஆடி ஏறக்குறைய 460 மடங்கு. விட்டம் இரட்டித்தால் ஒளி நான்கு மடங்காகும். நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனும் விட்டத்தைப் பொறுத்ததே. மி.மீ. கணக்கிலான விட்டத்தால் 116ஐ வகுத்தால் வருவது, பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி. 70 மி.மீ. குழாய்க்கு அது 1.7 விகலை, 150 மி.மீ. குழாய்க்கு 0.8 விகலை. ஒரு பாகையில் 3600 விகலைகள் என்றால், வித்தியாசம் எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். வியாழனின் பட்டைகளுக்குள் ஏதாவது தெரிகிறதா, வெறும் இரண்டு கோடுகள்தானா என்பதை இந்த நுணுக்கம்தான் தீர்மானிக்கிறது.

ஆனால் கடையில் விற்கும் பெட்டியின் மேல் விட்டம் சிறிய எழுத்திலும், "525 மடங்கு" என்பது பெரிய எழுத்திலும் இருக்கும். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ.; கூடவே தரும், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் 4 மி.மீ. 700ஐ 4ஆல் வகுத்தால் 175. உருவத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் பெட்டிக்குள் கிடக்கும். 175ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பிழை கிடையாது. அதனால் பயனும் கிடையாது. நல்ல இரவில் ஒரு தொலைநோக்கி தாங்கும் உருப்பெருக்கம், மி.மீ.யில் அதன் விட்டத்தைப் போல் இருமடங்கு என்பது பழக்கத்தில் உள்ள அளவுகோல். 70 மி.மீ.க்கு 140. அதற்கு மேல் போனால் தெரிவது மங்கலும் ஆட்டமும்தான். சனியின் வளையம் வளையமாகத் தெரிய 25, 30 மடங்கே போதும். 2025 மார்ச்சில் அந்த வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டிக் கம்பிபோல் நின்றது. இப்போது விரிந்துகொண்டு வருகிறது, 2032 வாக்கில் நன்றாக அகன்று நிற்கும். இந்த ஆண்டுகளில் தொலைநோக்கி வாங்குபவர் நல்ல வேளையில்தான் வாங்குகிறார்.

பெட்டியின் மேலே அச்சிட்ட நெபுலாப் படங்கள் இன்னொரு ஏமாற்றத்துக்கு வித்து. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண்ணின் குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. ஆகவே ஓரியன் நெபுலா சாம்பல் நிறச் சிறகாகத்தான் தெரியும். சிலருக்கு அதில் பச்சைச் சாயல் தட்டுப்படலாம். ஆண்ட்ரோமெடா அண்டம் ஒரு நீள்வட்டப் புகை. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஒளி என்று அறிந்து பார்த்தால் அந்தப் புகையே போதுமானதாக இருக்கும்; சிவப்பும் ஊதாவும் எதிர்பார்த்தவர் அன்றோடு விட்டுவிடுவார். குறைந்த செலவில் கண்ணை நிறைப்பவை வேறு: நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலாக்கள், வெள்ளியின் பிறை, கார்த்திகைக் கூட்டம், இரட்டை விண்மீன்கள். கல்யாணத்தில் காட்டும் அருந்ததியையும் பக்கத்திலிருக்கும் வசிஷ்டரையும் கூர்மையான வெறுங்கண்ணே பிரித்துப் பார்க்கும். ஒரு சிறிய தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டு விண்மீன்களாகப் பிரிவார். புதிதாக வாங்கிய குழாய்க்கு அது நல்ல முதல் பரீட்சை.

பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போக முடியாதவருக்கு என் யோசனை தொலைநோக்கியே அல்ல, 10x50 பைனாகுலர். இந்த விலையில் வரும் 60, 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கிகளில் கண்ணாடி பெரும்பாலும் மோசமில்லை. கெடுப்பது கேமராவுக்கென்று செய்ததுபோன்ற மெலிந்த முக்காலி. தொட்டால் ஆடும், ஆட்டம் நிற்க மூன்று நான்கு விநாடி ஆகும், அதற்குள் வியாழன் பார்வையை விட்டு நகர்ந்திருக்கும். பைனாகுலரில் வியாழனின் நிலாக்கள், ஆண்ட்ரோமெடா, பால்வெளியின் செறிவு எல்லாம் தெரியும். வானத்தில் எது எங்கே என்று கை பழகும். பிறகு தொலைநோக்கி வாங்கினாலும் பைனாகுலர் வீணாகாது.

பதினைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரையிலான பரப்பில்தான் சந்தை அதிகமாகக் குழப்புகிறது. லென்ஸ் வகையா, ஆடி வகையா என்ற கேள்வி இங்கே வரும். மலிவான லென்ஸ் குழாயில் வியாழனைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியும், நிறப்பிறழ்ச்சி. ஆனால் பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை. நியூட்டன் 1668இல் செய்த மாதிரியைப் பின்பற்றும் ஆடிக் குழாயில் ஊதா விளிம்பு கிடையாது, அதே காசுக்கு விட்டமும் கூடுதல். பதிலாக, இரண்டு ஆடிகளையும் அவ்வப்போது நேர் செய்ய வேண்டும். கேட்கும்போது மிரட்டினாலும் நாலைந்து முறை செய்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. விசாரிக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, ஆடி பரவளைய வடிவமா என்பது. 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் உள்ள குழாயில் கோள வடிவ ஆடியே சமாளித்துவிடும், 130 மி.மீ. விட்டத்துக்கு 650 மி.மீ. என்று குறுகிய குழாயில் பரவளையம் கட்டாயம். இரண்டாவது, குழாயின் நீளம். நியூட்டோனியன் குழாயின் நீளம் குவியத் தூரத்தை ஒட்டியே இருக்கும். "குவியத் தூரம் 1000 மி.மீ." என்று எழுதிய குழாய் அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால், குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகசருக்குள் ஒரு திருத்த லென்ஸை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மலிவுப் பதிப்புகளில் அந்த லென்ஸ் படத்தைக் குழப்புவதோடு, ஆடிகளை நேர் செய்வதையும் பெரும்பாடாக்கும். அப்படிப்பட்ட குழாயைத் தொடவே வேண்டாம்.

விட்டத்துக்குப் பணம், தாங்கிக்குச் சிக்கனம் என்ற கொள்கையை அதன் எல்லை வரை கொண்டுபோனவர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்தார். நாம் அறிந்த ராமகிருஷ்ண மடத்தின் மரபில் துறவியாக இருந்தவர். கையில் காசு இல்லை, பெரிய ஆடி வேண்டும். பழைய கப்பல்களின் வட்டச் சன்னல் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடி செய்தார். கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டை உருளையைக் குழாயாக்கினார். மரப்பலகைப் பெட்டியில் அதை உட்கார்த்தி, வழுக்கும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து திரும்பும்படி வைத்தார். வீதியில் போகிறவர்களைக் கூப்பிட்டு வானத்தைக் காட்டும் இந்தப் பித்து மடத்து ஒழுங்கோடு ஒத்துப்போகவில்லை. 1967இல் வெளியேற வேண்டியதாயிற்று. மறு ஆண்டே நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. தம் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் இன்று அதைச் செய்கின்றன. டாப்சோனியன் என்ற பெயர் மட்டும் அவருடையது.

நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் 6 அங்குல டாப்சோனியன்தான் பார்ப்பதற்கு மட்டும் வாங்குபவருக்கு என் முதல் பரிந்துரை. இந்த வகையில் பரவலாக விற்பவை 1200 மி.மீ. குவியத் தூரம் கொண்டவை, 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு. மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். 120 மடங்கில் ஒரு கோள் பார்வையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டே பார்க்கக் குழந்தைகள்கூடப் பழகிவிடுவார்கள். 8 அங்குலம் இன்னும் நல்லதுதான். ஆனால் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். தூக்க அலுப்பாக இருக்கும் தொலைநோக்கியால் யாரும் வானம் பார்ப்பதில்லை.

டாப்சோனியனில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகளில் அது போகிற போக்கில்தான் வரும். இந்தத் தாங்கி உச்சி வானத்தை நோக்கி நிற்கும்போது பக்கவாட்டில் திருப்புவது கடினம், கைக்கு நெம்புகோலே இருக்காது. லண்டனில் கோள்கள் உச்சிக்கு வருவதே இல்லை, ஆகவே அங்கே அது பெரிய குறையாகப் படாது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. கோள்கள் பல சமயம் நம் தலைக்கு மேலேயே போகும். வியாழனைச் சரியாக அது உச்சியில் நிற்கும் வேளையில் துரத்துவதைவிட ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ பார்ப்பது சுகம்.

அந்தச் சங்கடத்தின் மறுபக்கம் ஒரு வரம். தலைக்கு மேல் நிற்கும் கோளின் ஒளி மிகக் குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. கோள்களைப் படமெடுப்பதில் உலகப் பெயர் பெற்ற இங்கிலாந்துக்காரர் டேமியன் பீச், தன் ஊர் வானத்தை விட்டுவிட்டுப் பார்படோஸ் தீவுக்குப் போய்ப் படமெடுத்திருக்கிறார். பார்படோஸின் அட்சரேகையும் சென்னையின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே. தென்வானமும் நமக்குத் திறந்திருக்கிறது. ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து சென்னையில் சுமார் 30 பாகை உயரம் ஏறும். லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்ததற்கு இந்தத் தென்வான வசதியும் ஒரு காரணம்.

இதே அட்சரேகை, கேமராவோடு வருபவருக்கு வில்லங்கமாகிறது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் விநாடிக்கு 15 விகலை வரை நகர்கின்றன. நெடுநேரம் ஒளியூட்ட அந்த நகர்வைப் பின்தொடர வேண்டும். அதற்கென்றே இருப்பது ஈக்குவடோரியல் மவுண்ட்: அதன் ஓர் அச்சை வான துருவத்தை நோக்கி நிறுத்திவிட்டால், அந்த ஓர் அச்சின் சுழற்சியே போதும். துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரமோ அதுவே ஊரின் அட்சரேகை. சென்னையில் 13, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பத்துக்குச் சற்றுக் குறைவு, கன்னியாகுமரியில் 8. அந்த உயரத்தில் பெரும்பாலும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கும், இல்லாவிட்டால் அடிவான மங்கல் மறைக்கும். சிங்கப்பூரில் துருவ விண்மீனைத் தேடுவதே வீண். அதோடு, 40, 50 பாகை நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த மலிவு மவுண்டுகளில் அச்சை இவ்வளவு கீழே சாய்த்தால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். சிலவற்றில் திருகே அந்த அளவுக்கு இறங்காது. "ஈக்குவடோரியல் மவுண்டோடு 114 மி.மீ., படமும் எடுக்கலாம்" என்று இருபதாயிரத்துக்கு விற்கும் தொகுப்பை நம் ஊரில் எவருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது. பார்ப்பவருக்கு அது வீண் சிக்கல், படமெடுப்பவருக்குப் போதாத தாங்கி.

படமெடுப்பதையும் ஒரே தொழிலாக நினைக்கக் கூடாது. நிலாவும் கோள்களும் ஒரு பக்கம், நெபுலாக்களும் அண்டங்களும் மறுபக்கம். முதலாவதற்கு நெடுநேர ஒளியூட்டம் வேண்டாம். டாப்சோனியனின் ஐபீஸில் கைபேசியைப் பிடிக்கும் ஒரு கிளாம்பைப் பொருத்தினாலே நிலாவின் படம் அச்சுக்குப் போகும் தரத்தில் வரும். கோள்களுக்கு உத்தி வேறு: புகைப்படம் எடுக்காமல் இரண்டு நிமிடக் காணொளி எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான சட்டகங்களில் காற்று அசையாத கணத்தில் விழுந்த நல்லவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வேலையை ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள்கள் செய்துவிடும். தலைக்கு மேல் கோள் நிற்கும் நம் ஊருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும் துறை. டிஎஸ்எல்ஆர் கேமராவை நேரடியாக மாட்ட நினைப்பவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பல தொடக்கநிலை நியூட்டோனியன்களில் ஃபோகசர் முழுக்க உள்ளே போன பிறகும் கேமராவுக்குக் குவியம் கிட்டாது. பார்லோ லென்ஸை இடையில் போட்டால் பெரும்பாலும் கிட்டும்.

நெபுலாக்களுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். கேமரா மாட்டிய குழாயை நிமிடக்கணக்கில் பிசகாமல் சுமக்கும் மோட்டார் மவுண்ட், குழாய், கேமரா எல்லாம் சேர்ந்தால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். அதைத் தொடக்கநிலை என்று சொல்ல முடியாது. ஆனால் தொலைநோக்கியே இல்லாமல் தொடங்க வழி உண்டு. பழைய டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், உறுதியான முக்காலி. லென்ஸின் குவியத் தூரத்தால் 500ஐ வகுத்தால் விண்மீன் கோடாக இழுபடாமல் ஷட்டரைத் திறந்து வைக்கக்கூடிய விநாடிகள் வரும்: 50 மி.மீ.க்கு 10 விநாடி, சிறிய சென்சார் உள்ள கேமராவில் ஆறேழு. அப்படி இருநூறு படம் எடுத்து சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் அடுக்கினால் ஓரியன் நெபுலா நிறத்தோடு எழும்பும். அடுத்த படி, ஜி.ஒய். ஹெய்க் 1975இல் எழுதிப் பரவலாக்கிய கதவுக்கீல் சாதனம். இரண்டு பலகைகளை ஒரு கீலில் இணைத்து, கீலிலிருந்து 228.5 மி.மீ. தள்ளி 1 மி.மீ. புரி இடைவெளி உள்ள ஆறு மி.மீ. போல்ட்டைப் பொருத்த வேண்டும். கீலை வான துருவத்துக்கு நீட்டி, போல்ட்டை நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் மேல்பலகை வானத்தோடு நகரும். ஊர்த் தச்சரும் இரும்புக்கடையும் போதும். அச்சு கொஞ்சம் பிசகினாலும் 50 மி.மீ. லென்ஸ் மன்னிக்கும் என்பதால் துருவ விண்மீன் தெரியாத ஊரிலும் திசைகாட்டியையும் சாய்வுமானியையும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றலாம்.

2023க்குப் பிறகு இந்த விவாதத்தையே கலைத்துப் போட்டவை ஸ்மார்ட் தொலைநோக்கிகள். ஸீஸ்டார் எஸ்50 என்ற கருவியில் 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளேயே சென்சார், மோட்டார், கணினி எல்லாம் இருக்கின்றன. ஐபீஸ் கிடையாது. கைபேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் பிடித்து, பத்துப் பத்து விநாடிப் படங்களை அடுக்கிக்கொண்டே போகும்; சென்னை மொட்டைமாடியிலிருந்துகூட ஓரியன் நெபுலா நிறத்தோடு வரும். துருவ விண்மீன் தொல்லை இல்லை. இந்தியாவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும், ஆனாலும் இந்தப் படங்களை எடுக்கும் முழுமையான கருவிகளில் இது மலிவான வகையைச் சேர்ந்தது. கோள்களில்தான் அது கைவிட்டுவிடும்: 250 மி.மீ. குவியத் தூரத்தில் வியாழனின் உருவம் இருபது பிக்சல் அகலத்தை ஒட்டித்தான் தேறும். உச்சி வானத்தில் படம் சுழன்றுபோவதும் உண்டு. இது வானம் பார்ப்பதே அல்ல, திரை பார்ப்பது என்று பழைய ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. சனியை ஐபீஸில் முதல்முறை பார்ப்பவர் வாயிலிருந்து வரும் சத்தம் கைபேசித் திரையைப் பார்த்து வருவதில்லை. ஆனால் குனிந்து ஐபீஸ் பார்க்க முடியாத முதியவருக்கும், நாற்பது மாணவர்களை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கும் திரைதான் சரி. படமே குறி என்று தெளிவாகச் சொல்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டும் வேண்டும் என்பவருக்கு, 6 அங்குல டாப்சோனியனும் ஒரு கைபேசிக் கிளாம்பும்.

எதை வாங்கினாலும் சூரியனுக்கு உரிய வடிகட்டி குழாயின் முன்வாயில் பொருத்துவதாக இருக்க வேண்டும். பழைய மலிவுப் பெட்டிகளில் ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். கண்டவுடன் குப்பையில் போடுங்கள்.

வாங்கும் மாதத்தையும் யோசிக்க வேண்டும். தள்ளுபடி தீபாவளிக்கு வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல், மே வரைதான் தமிழகத்தின் பெரும்பகுதிக்கு நல்ல வானம்: ஓரியனில் தொடங்கி, கரீனா வழியாக ஒமேகா சென்டாரி வரை ஒவ்வொன்றாக மாலை வானத்துக்கு வரும். மழை மாதங்களில் வாங்கிய குழாயைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வையுங்கள். கடலோர ஈரத்தில் லென்ஸிலும் ஐபீஸிலும் பூஞ்சை பிடிக்கும், பழைய பொருளாக வாங்குகிறவர்களும் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது அதைத்தான். மேகம் கலையும் வரை காத்திருந்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிந்துவிடும் என்பதால் சோதனையைப் பகலிலேயே செய்துவிடலாம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மின்கோபுரத்தின் பீங்கான் வளையங்களைக் குறைந்த உருப்பெருக்கத்தில் குவித்து, பிறகு ஐபீஸை மாற்றிப் பாருங்கள். விளிம்புகள் கூர்மையாகவே நின்று, குழாயைத் தட்டினால் ஒரு விநாடிக்குள் ஆட்டம் அடங்கினால் வைத்துக்கொள்ளலாம். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பாதீர்கள்.